சிவப்புப் பேனாவை எடுக்கும் முன்

புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கும் பல பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ், அதற்கு மேல் பிரெஞ்சு. நோட்டில் எதைத் தப்பாக எழுதினாலும் 'தமிழிலேயே யோசிக்குது' என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை.

'எனக்கு 12 வயசு' என்பதற்கு 'ழ சுயி தூஸான்' என்று எழுதுகிறது பிள்ளை. 'ழே தூஸான்' என்று வரவேண்டும் ('ழ சுயி' என்றால் 'ஐ ஆம்', 'ழே' என்றால் 'ஐ ஹேவ்'). தமிழ் என்ன செய்தது இங்கே? தமிழில் 'நான்' கூட இல்லை, 'எனக்கு'தான். உள்ளே புகுந்தது 'ஐ ஆம் ட்வெல்வ்'. அதே பிள்ளை 'போனேன்' என்பதற்கு 'ழே அலே' என்கிறது. சரியானது 'ழ சுயி அலே'. 'சாப்பிட்டேன்' என்பதற்கு 'ழே மான்ழே' என்று படித்ததை எல்லா வினைக்கும் நீட்டிவிட்டது. விதி பிடிபட்டிருக்கிறது, விலக்குதான் பிடிபடவில்லை. பேனாவுக்கு இரண்டும் ஒரே 'ழே–சுயி' குழப்பம். முதலாவதற்கு இங்கிலீஷையும் பிரெஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டணும். இரண்டாவதற்கு 'சுயி' கேட்கும் வினைகளைத் தனியாகப் பழக்கணும்.

கைத்தவறு வேறு, விதி தெரியாமல் வரும் பிழை வேறு என்று மொழியியலாளர் பிட் கார்டர் 1967-லேயே பிரித்துக் காட்டினார். பிரிப்பது சுலபம். திருத்தாமல், தப்பு உள்ள வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வைத்து இரண்டு நாள் கழித்து நோட்டைத் திருப்பிக் கொடுங்கள். பத்து நிமிஷம் போதும். தானே சரிசெய்துகொண்டது கைத்தவறு, விட்டுவிடலாம். மிச்சத்தைத் தனி நோட்டில் பிள்ளை எழுதியபடியே எழுதி, பக்கத்தில் காரணத்தைக் குறியுங்கள். 40 பேரில் 10 பேருக்கு மேல் வந்தால் அடுத்த வாரப் பாடம் அதுதான். ஒருத்தருக்கு மட்டும் வந்ததை அவரிடம் தனியாகச் சொன்னால் போதும்.

போர்டில் மூன்று தப்பு வாக்கியம், மூன்று சரியான வாக்கியம் கலந்து எழுதி, ஜோடி ஜோடியாகக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். யாருடையது என்று தெரியாதபடி பெயர், ஊரை மாற்றிவிடணும். தப்பானதை அழிக்காமல் விட்டால் நோட்டில் அதுதான் ஏறும். மணி அடிக்கும்போது போர்டில் சரியானது மட்டும் இருக்கட்டும்.

மூன்று வாரம் கழித்துப் பிழை குறைந்திருந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். கஷ்டமான அமைப்பைத் தொடாமலே தப்பித்துவிடுவார்கள். மொழியியலாளர் ஜாக்குலின் ஷாக்டர் 1974-ல் காட்டியது இதைத்தான்: சீன, ஜப்பானிய மாணவர்களுக்கு ஆங்கிலத்தின் பெயரெச்சத் தொடர்களில் ('நேற்று வந்த பையன்' போன்றவை) பிழை குறைவு, காரணம் அவற்றை அவர்கள் எழுதியதே குறைவு. அதனால் 'ஞாயிற்றுக்கிழமை எங்கெல்லாம் போனாய்? கடற்கரைச் சாலை, பாரதி பூங்கா, பெரிய மார்க்கெட்' என்று ஐந்து வரி கேளுங்கள். 'அலே' வராமல் அதை எழுதுவது கஷ்டம்.