முதல் செலவு துளையிடும் இயந்திரத்துக்கே

வீட்டில் மடக்குக் கத்தி செய்ய விரும்புகிறவர் முதலில் பெல்ட் கிரைண்டர், அதாவது ஓடும் உராய்வுப் பட்டையால் இரும்பைத் தேய்க்கும் இயந்திரம், வாங்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். நான் இதை ஏற்கவில்லை. கிரைண்டரின் வேலையை நல்ல அரம் செய்துவிடும், நேரம்தான் கூடும். ஆனால் அலகு மடங்கித் திரும்பும் அச்சாணிக்கான துளை செங்குத்தாக விழாவிட்டால் எந்த அரமும் காப்பாற்றாது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் நான் செய்த முதல் கத்தியில், கையில் பிடித்துப் போட்ட துளை மயிரிழை சாய்ந்துவிட்டது. மூடும்போதெல்லாம் அலகு கைப்பிடியின் ஒரு பக்கத் தகட்டை உரசி, பிறை போலக் கீறல் விழுந்தது. மனம் ஆறவே இல்லை.

பிறகு மேசைமேல் நிறுத்திச் செங்குத்தாகத் துளையிடும் பழைய பெஞ்ச் டிரில் ஒன்றை வாங்கினேன். துளையைச் சற்றுச் சிறிதாகப் போட்டு, துளையை நுணுக்கமாக அகலப்படுத்தும் ரீமரால் சரியான அளவுக்குக் கொண்டுவருகிறேன். ரீமரில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள்.

அரத்தின் பற்களில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக்கொண்டால் இரும்புத் துகள் அடைக்காது. முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள். பின்னே இழுக்கும்போது தூக்கிவிடுங்கள்.

இரும்பு, வகை தெரிந்ததாக இருக்கட்டும். எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கும் கருவி எஃகான ஓ1 என்றால் ஏறக்குறைய 800 டிகிரி செல்சியசில் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, தாமதிக்காமல் 200 டிகிரியில் 2 மணி நேரம் வைத்தால் பதம் வந்துவிடும். இந்த இரண்டாவது சூட்டுக்குக் கேக் சுடும் அடுப்பே போதும். கடைசிக் கூர், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அப்பா விட்டுச்சென்ற தீட்டுக்கல்லில்தான். அதன் நடுப்பகுதி அவர் கையால் குழிந்திருக்கிறது. ஓரத்தில்தான் நான் தீட்டுகிறேன்.