“ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா?”

இப்படிக் கேட்பவர்கள் எந்தக் கடிகாரத்தைப் பார்த்துக் கேட்கிறார்களோ, எனக்குப் புரிவதே இல்லை. அந்த ஐந்து நிமிடம் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்ததாகச் சரித்திரமே கிடையாது. எழுந்து போகும்போது, “சரி, நாளைக்கு விரிவாப் பேசிடுவோம்” என்பார்கள். அப்போ இவ்வளவு நேரம் பேசியது?

அவசரமானவை முக்கியமானவை அல்ல, முக்கியமானவை ஒருபோதும் அவசரமானவை அல்ல என்று ஒரு கல்லூரித் தலைவர் சொன்னதாக, 1954-இல் அமெரிக்க அதிபர் ஐசனோவர் ஓர் உரையில் குறிப்பிட்டார். ஐசனோவர் பெயரில்தான், வேலைகளை அவசரம், முக்கியம் என்று பிரித்துப் போடும் அந்த நான்கு கட்டப் படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. நானும் அழகாக வரைந்து வைத்திருக்கிறேன். யார் மதிக்கிறார்கள்? அடுத்தவர் கடைசி நாள் வரை தூங்கிவிட்டுத் தூக்கிக்கொண்டு வரும் வேலையெல்லாம் நேராக ‘அவசரம், முக்கியம்’ என்ற என் முதல் கட்டத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவசரம்தான், ஆனால் முக்கியமில்லை என்றால் இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டுமாம். அந்த இன்னொருவரே நான்தான் சாமி!

அப்புறம் நேரத்தைப் பிரித்து வேலை செய்யும் இந்த பொமொடோரோ முறை. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. நல்ல முறைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாதியில் போன் அடிக்கிறதே! “மெசேஜ் அனுப்பினேனே, பார்க்கலையா?” இதைக் கேட்கத்தான் அந்த போன். எடுக்காவிட்டால் திமிர் என்று பெயர். எடுத்தாலோ, விட்ட இடத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் மண்டை காய்ந்துவிடுகிறது. இதில் “நேரத்தைச் சரியா மேனேஜ் பண்ணுங்க” என்று அறிவுரை சொல்வதும் இதே ஆசாமிகள்தான்.