அனகோண்டா சின்ன பட்ஜெட் படம் இல்லீங்க
சின்ன பட்ஜெட்ல எடுத்த பயங்கர மிருகப் படங்கள்ல எது பெஸ்ட்னு இங்க கேட்டிருந்தாங்க. அதுக்கு ஒருத்தர், "1997 அனகோண்டா சில லட்சம் டாலர்ல எடுத்த படம், பாம்பு மொத்தமும் கிராபிக்ஸ்"னு எழுதியிருக்கார். ரெண்டுமே தப்பு. செலவு சுமார் 4.5 கோடி டாலர். கிட்டத்துல வாயைப் பிளந்து வர்ற பல காட்சிகள்ல இருக்கறது 40 அடி நீள இயந்திரப் பாம்பு. சுழன்று பாயற இடங்களுக்குத்தான் கம்ப்யூட்டர்.

நிஜமான சில்லறைக்காசுப் படம்னா 1978ல வந்த, ஆளைக் கடிச்சுத் தின்னற மீன்களைப் பத்தின பிரானா. பத்து லட்சம் டாலரைக்கூடத் தொடலை. குச்சியில செருகின ரப்பர் மீனைத் தண்ணிக்குள்ள ஆட்டி, நொடிக்கு வழக்கத்தைவிடக் குறைவான ஃபிரேம் பதிவாகற மாதிரி கேமராவை ஓட்டிப் படம்பிடிச்சாங்க. திரையில பார்த்தா மீன் வெறி பிடிச்ச மாதிரி பாயும்! என் ஓட்டு அதுக்குத்தான்.

மத்தபடி, தர்மபுரியில தமிழ் டப்பிங்ல அனகோண்டா பார்த்துட்டு ஒகேனக்கல் பரிசல்ல ஏற மாட்டேன்னு அடம்பிடிச்ச பசங்க நாங்க. அப்போ பட்ஜெட்டை யாரு கேட்டா?