கேமரன் லாபியிங்: வாட்ஸ்அப்பில் சுற்றுவது பாதி உண்மை

"கிரீன்சில் நிறுவனத்துக்காகச் சட்டவிரோதமாக லாபி செய்த முன்னாள் பிரதமர் டேவிட் கேமரன் குற்றவாளி எனத் தீர்ப்பு" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அப்படி எந்தத் தீர்ப்பும் இல்லை.

பிரிட்டனின் முன்னாள் பிரதமரான அவர் கிரீன்சில் என்ற நிதி நிறுவனத்துக்காக லாபி செய்தது, அதாவது அதற்குச் சாதகமாக அரசிடம் பேசியது நிஜம். 2020இல் பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியின் கொரோனா நிதித் திட்டத்தில் கிரீன்சிலைச் சேர்க்கும்படி நிதியமைச்சர் ரிஷி சுனக்குக்கே மெசேஜ் அனுப்பினார். கருவூலச் செயலாளர் டாம் ஸ்காலருக்கு அனுப்பிய ஒன்றில் 'அன்புடன், டிசி' என்று கையெழுத்து வேறு! ஆனாலும் கருவூலம் அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. 2021 மார்ச்சில் நிறுவனம் திவாலானது.

பிறகு ஏன் நடவடிக்கை இல்லை? 2014ஆம் ஆண்டு லாபியிங் சட்டப்படி, பிறருக்காக அரசிடம் பேசும் ஆலோசகர்கள்தான் லாபி செய்பவர்களாகத் தங்களைப் பதிவு செய்ய வேண்டும். கேமரனோ அப்போது கிரீன்சிலின் ஊழியராக இருந்தார். அதனால் அந்தப் பதிவைக் கவனிக்கும் பதிவாளர் அவரை விடுவித்தார். அந்த ஓட்டைச் சட்டத்தைக் கொண்டுவந்ததே கேமரன் அரசுதான் என்பது தனிக் கூத்து.

நாடாளுமன்றக் கருவூலக் குழுவும் 2021 ஜூலையில் அவர் விதியை மீறவில்லை என்றது. ஆனால் விவேகமில்லாமல் நடந்துகொண்டார் என்று கடுமையாகச் சாடியது. 2023 நவம்பரில் அவர் வெளியுறவு அமைச்சராகத் திரும்பி வந்தார்.