ஐந்தாம் வகுப்போடு பசி நின்றுவிடுமா?
ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைகள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வருவார்கள், தமிழக அரசு ஐந்தாம் வகுப்பு வரை நடத்தும் காலை உணவுத் திட்டத்தை மேல் வகுப்புகளுக்கு நீட்டத் தேவையில்லை என்று இந்தக் கட்டுரையில் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களை ஒட்டிய ஊர்களுக்கு வந்து பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் பழம் பறிக்கிற நாட்களில் பனி விலகுவதற்குள் அம்மாக்கள் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். தம்பியைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்குக் கூட்டி வருவது ஏழாவது படிக்கிற அக்காதான். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் வெறும் வரக்காப்பியோடு வருகிறாள். தம்பி ரவா உப்புமாவும் சாம்பாரும் சாப்பிட்டு முடிக்கும் வரை அவனுடைய பையைப் பிடித்துக்கொண்டு வராந்தாத் தூண் ஓரமாக நிற்கிறாள். இருவரும் ஒரே நடுநிலைப் பள்ளி! மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர், திட்டத்தை நீட்டினால் செலவு தாங்காது என்கிறார். பள்ளியில் அடுப்பும் பாத்திரமும் ஏற்கெனவே இருக்கின்றன, சமைக்க மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களும் இருக்கிறார்கள். கூடுதலாக வேண்டியது பெரும்பாலும் அரிசி, ரவை, பருப்பு, காய்கறிதான். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் 2023-இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024-இல் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் போனது. நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் பள்ளிகளைக் கூட்டினார்களே தவிர வகுப்பைக் கூட்டவில்லை. மதியச் சத்துணவு மட்டும் பத்தாம் வகுப்பு வரை இருக்கிறதே? மலைப்பகுதி நடுநிலைப் பள்ளிகளிலாவது எட்டாம் வகுப்பு வரை காலை உணவு கொடுங்கள், அடுத்த பறிப்புக் காலம் வருவதற்குள்.