கொரியப் போர எந்த ஆயுதம் முடிச்சு வச்சுது?

போர்ல ரெண்டு பக்கமும் நகர முடியாம நிக்கற இழுபறி, புது ஆயுதம் வந்தாதான் உடையும்னு உங்க கட்டுரைல சொல்லிருக்கீங்க, முதல் உலகப்போருக்கு வேணா ஓரளவு சரி, ஆனா வடகொரியா-சீனா ஒரு பக்கமும் தென்கொரியா-அமெரிக்கா ஒரு பக்கமும் மோதுன கொரியப் போர பாருங்க சார். 1951 ஜூலைலயே போர்நிறுத்தப் பேச்சுவார்த்தை ஆரம்பிச்சாச்சு, அந்த வருஷ கடைசிலயே எல்லைக்கோடு பத்தி ஏறக்குறைய ஒத்துக்கிட்டாங்க, அப்புறம் ஊருக்கு திரும்ப மாட்டேங்கற போர்க்கைதிய கட்டாயமா அனுப்பணுமா வேணாமாங்கறதுலயே ஒன்றரை வருஷம் இழுத்துச்சு, அதுவரைக்கும் சின்ன சின்ன மலைமேட்டுக்காக ரெண்டு பக்கமும் பசங்க செத்துட்டே இருந்தாங்க. 1953 மார்ச்ல ஸ்டாலின் போய் சேர்ந்தாரு, வடகொரியாவுக்கு பின்னால நின்ன மாஸ்கோ இறங்கி வந்துச்சு, ஜூலை 27 போர்நிறுத்தக் கையெழுத்து. (அமெரிக்காவோட அணுகுண்டு மிரட்டல்தான் காரணம்னு சிலர் சொல்வாங்க, எனக்கு அதுல அவ்ளோ நம்பிக்கை இல்ல.) திரும்ப மறுத்த கைதிங்கள பாத்துக்க போனது நம்ம இந்தியப் படை, அந்த கைதிங்க விஷயத்த கவனிச்ச நடுநிலை நாடுகள் கமிஷனுக்கு தலைவரு நம்ம ஜெனரல் திம்மையா, அத பத்தி ஒரு வரி கூட போடலயே?