"மனச்சாட்சி உறுத்தவில்லை" என்பது பதிலா?

"என் மனச்சாட்சிக்கு உறுத்தவில்லை, அப்புறம் என்ன?" என்று வாய்ப்பேச்சை முடித்துவிடுகிறோம். மனச்சாட்சி என்ன வயிற்றுவலியா, வந்தால் தப்பு, வராவிட்டால் சரி என்று சொல்ல?

இடைக்காலக் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் (1225–1274) அதை உணர்ச்சிக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவருக்கு அது அறிவு சொல்லும் தீர்ப்பு. 'நன்மையைச் செய், தீமையை விலக்கு' என்ற அடிப்படை அறிவு எல்லாருக்கும் உண்டு. அதற்குச் சின்டரெசிஸ் என்று பெயர், அது பிசகுவதில்லை. அதைக் கையில் இருக்கும் காரியத்தோடு பொருத்துவதுதான் மனச்சாட்சி. திருடக் கூடாது; இந்தப் பணம் என்னுடையதல்ல; ஆகவே எடுக்கக் கூடாது. பெரும்பாலும் கோளாறு நடுப்படியில்தான். 'இது எனக்கு வரவேண்டிய பணம்தானே' என்று அங்கே ஒரு வரியை மாற்றினால் போதும், முடிவு தானாக மாறிவிடும். உறுத்தவும் உறுத்தாது.

தவறிய மனச்சாட்சியையும் மீறக் கூடாது என்கிறார். கிறிஸ்துவை நம்புவது தீமை என்று ஒருவனுடைய அறிவு சொன்னால், அந்த நிலையில் நம்புவதும் பாவமாம். (எழுதியவர் ஒரு துறவி, 13ஆம் நூற்றாண்டில்!) ஆனால் மீறக் கூடாது என்பதால் குற்றம் நீங்கிவிடாது. ஆள் மாறி வேறொருத்தியைத் தன் மனைவி என்று நம்பியவனுக்கு மன்னிப்பு உண்டு. விபசாரம் தவறென்றே தெரியாது என்பவனுக்கு இல்லை; அது அவன் தெரிந்திருக்க வேண்டியது.

விசுவாசம் இந்த வேலையை நமக்காகச் செய்து தராது. ஆஸ்திரிய விவசாயி ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர் ஹிட்லரின் போர் அநீதியானது என்று கண்டார். வேதாகமம் வாசித்தார், குருக்களைக் கேட்டார், லின்ஸ் நகர ஆயர் (பிஷப்) வரை போனார். குடும்பத்தைப் பார் என்றார் ஆயர். மூன்று பெண் குழந்தைகள், லேசான வாதமில்லை. கேட்டுக்கொண்டார், ஆனால் தீர்ப்பை ஆயரிடம் ஒப்படைக்கவில்லை. படைக்கு அழைத்தபோது, ஆயுதம் தூக்க மாட்டேன், மருத்துவப் பணி செய்கிறேன் என்றார். 1943 ஆகஸ்ட் 9இல் தலையை வெட்டினார்கள். வயது 36.

2007இல் அதே லின்ஸ் நகரப் பேராலயத்தில் அவருக்கு அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) கொடுத்தபோது, 94 வயது மனைவி ஃபிரான்சிஸ்கா அங்கே உட்கார்ந்திருந்தார்.